படையலில் வைத்த பிராந்தி

அண்ணா,

உன் தோஸ்து மாரி மூடியைத் திருகியதுமே பிராந்தி வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. இன்று உனக்கு வருஷப் படையல். இலையில் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, உன் பீடிக்கட்டு. பக்கத்தில் ஒரு குவார்ட்டர். செத்தவன் ஆசைப்பட்டதை வைக்க வேண்டுமாம். உன்னைக் கொண்டுபோனதையே உனக்கு வைக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுனாமிக்கு முந்தின வருஷம். அண்ணியின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்கப் போன உன்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். உன் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், என்னிடமும் இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் பிள்ளைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசி போட்டார்கள். நம் இருவரையும் உட்கார வைத்து அவர் சொன்னது இதுதான்: "கிருமி ஈரலை மெதுவாத்தான் கெடுக்கும். குடிச்சா வேகமா கெடுக்கும். உங்களுக்கு அளவுன்னு ஒண்ணு கிடையாது, ஒரு சொட்டுகூட வேணாம்."

நான் பயந்துவிட்டேன், அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. எப்போதுமே நான் பயந்தாங்கொள்ளி என்று நீதான் சொல்வாய். நீயோ காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நோய் இருப்பதாக எப்படி நம்புவாய்? காலையில் கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை இழுத்துப் பார்ப்பாய். "பாரு நைனா, வெள்ளையாத்தான் கீது" என்று எனக்கும் காட்டுவாய். கண்ணில் மஞ்சள் ஏறினால்தான் காமாலை என்பது உன் எண்ணம். பிராந்தியை விட்டுவிட்டு பீருக்கு மாறியதைப் பெரிய தியாகம் மாதிரி சொன்னாய். பீர் உடம்புக்குக் குளிர்ச்சியாம். எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன். சிரித்தாயே தவிரக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் பிராந்திக்கே திரும்பினாய்.

கண் மஞ்சளானபோது வயிறு ஏற்கெனவே வீங்கியிருந்தது. கால் செருப்புக்குள் நுழையவில்லை. ஒருநாள் திருவொற்றியூர் ரயில்வே ஸ்டேஷன் படியில் ரத்தமாக வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கவேயில்லியே நைனா, எனுக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டாய்.

படையல் முடிந்தால் வைத்ததைப் பங்கு போடுவது வழக்கமாயிற்றே. மாரி கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினார். கெட்டவர் இல்லை, உன்னை நினைத்து அழுதுகொண்டேதான் நீட்டினார். உங்க அண்ணனுக்காக ஒரு வாய் என்றார். என் நோயைப் பற்றி இத்தனை வருஷம் வெளியில் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிடுவார்களோ என்ற பயம். இன்று சொல்லிவிட்டேன்.

"அண்ணனுக்கு இருந்த நோவு எனுக்கும் கீது, மாரிண்ணா."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

போன வாரம்தான் ஸ்கேன் எடுத்தேன். ஈரல் நன்றாக இருக்கிறது, இப்படியே இரு என்றார் டாக்டரம்மா. சந்தோஷப்பட வேண்டியவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே கிருமியோடு பிறந்தோம். உன் ஈரலும் இப்படியே இருந்திருக்கலாமே, அண்ணா.