தக்காளி சிதறிய வளைவு

மாப்ள,

இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் நம்முடைய லாரி விளையாட்டைத் திறந்தேன். நீ போன பிறகு அதைத் தொடவே இல்லை. திறந்ததும் ஒரு விளம்பரப் படம் தானாக ஓடியது. விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளப் புதுச் சாலைகள், புது எக்ஸ்பேன்ஷன் வந்திருக்கிறது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். தென்னிந்திய மலைச் சாலைகள். அதைப் படித்தவுடன் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நீ எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்! நம் தொப்பூர்க் கணவாய் என்று பெயர் போடவில்லை. ஆனால் இறக்கம் அதேதான், நடுவில் தடுப்புச் சுவர், இரண்டு பக்கமும் காய்ந்த குன்று.

மூன்றாவது வளைவில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. சாலை முழுக்கத் தக்காளி. ஜனங்கள் பையும் கூடையுமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே எழுத்து வந்தது: "சிதறிய லோடை அள்ளுங்கள், பரிசுப் புள்ளிகளைப் பெறுங்கள்."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஆதார் அட்டையைக் கொண்டுவந்து ஜெராக்ஸ் கேட்டார்கள். அட்டையைத் தலைகீழாக வைத்து இரண்டு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். "ஏங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்கள். வெயில் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். ஆறு நாள் நிஜ லாரி ஓட்டிவிட்டு, ஏழாம் நாள் அதியமான்கோட்டைக்கு வந்து என் கடைக் கம்ப்யூட்டரில் பொம்மை லாரி ஓட்டுவாய். "வாரம் பூரா ஓட்டுனது பத்தலயாடா?" என்று கேட்டால், "இங்க டோல் கேட்டும் இல்ல, மொதலாளியும் இல்ல" என்பாய். புது எக்ஸ்பேன்ஷன் எது வந்தாலும் நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பேரும் சரி என்றால்தான் வாங்குவது. நான் பனி மலை, கடற்கரை என்று படத்தைப் பார்த்து வாயைப் பிளப்பேன். நீ அரை மணி நேர இலவச ஓட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாய்.

"ரோடு அழகா இருந்தா சோறு போடுமா? எறக்கத்துல ப்ரேக் சூடாவுதான்னு பாரு. இதெல்லாம் மலையா? கல்யாண மண்டபத்து வாசல்ல ஏத்தி எறக்குற மாதிரி இருக்குது. வேணாம் போ."

இப்படியே நான்கு எக்ஸ்பேன்ஷனைக் கழித்துக் கட்டினாய். உன்னோடு சேர்ந்து விளையாட்டு வாங்குவதும் பெண் பார்க்கப் போவதும் ஒன்று.

இன்னொரு நாளும் ஞாபகம் வருகிறது. நாம் இரண்டு பேரும் சேலத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது கணவாயில் ஒரு வெங்காய லாரி கவிழ்ந்திருந்தது. கூட்டம் சாக்கோடு நின்றது. நீ பைக்கிலிருந்து குதித்து ஒரு பெரியவர் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கி வீசினாய். "மொதல்ல கேபினப் பாருங்கய்யா! அப்பறம் லோடப் பாருங்க!" அவ்வளவு கோபமாக உன்னை நான் பார்த்ததில்லை. அன்று டிரைவருக்குச் சிராய்ப்புதான். ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை உன்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

இனிமேல் எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் சேலத்தில் பிரிண்டர் மை வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறி வந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம், இறங்குகிற சாலையில், தக்காளி லோடு சாய்ந்து கிடந்தது. பாலக்கோட்டுத் தக்காளி, நல்ல கெட்டியான சரக்கு. நீ ஓட்டுவது சிமெண்ட் லாரி. உன் நினைப்பு எனக்கு எப்படி வரும்? ஒரு ஆள் தக்காளி அள்ளிக்கொண்டே சொன்னான், "டிரைவர் குதிச்சு ஓடிட்டானாம்ங்க. நீங்க அள்ளிக்கங்க." எல்லா விபத்திலும் யாராவது ஒருத்தன் இப்படிச் சொல்வான். நமக்கும் அது வசதியாக இருக்கும். கேபின் பாறையில் மோதி மடங்கித் தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தது. நான் தடுப்பைத் தாண்டிப் போய், மை வாங்கிய பையில் நசுங்காத பழமாகப் பார்த்து எடுத்தேன். பொறுக்கி எடுத்தேன், மாப்ள. அந்தத் தார்ப்பாய்க்குப் பத்தடி தள்ளி.

வீட்டில் என் மனைவி பாதியைத் தொக்குக்கு நறுக்கி அடுப்பில் போட்டிருந்தாள். போன் வந்தது. ஊருக்குப் போன ஒரு டிரைவருக்குப் பதிலாக அன்று ஒரு நாள் மட்டும் நீ தக்காளி வண்டி எடுத்தாய் என்றார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே பையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் அடுப்பை அணைத்தாள். தொக்கையும் மிச்சப் பழத்தையும் எடுத்துப்போய்ப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

"அடிபட்ட ஒடனே உசுரு போயிருக்கும்ங்க, வலி தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. உன் மனைவி இப்போதும் கடைக்கு வந்தால், "நீங்க ஒருத்தர்தாண்ணா அவருக்கு எல்லாம்" என்கிறாள். நான் குனிந்துகொண்டு சில்லறை தேடுவேன்.

சரி, எக்ஸ்பேன்ஷனுக்கு வருகிறேன். இதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அந்த வளைவைத் தாண்ட வேண்டும். வாங்காவிட்டால் நீ ஆசைப்பட்டுக் காத்திருந்த சாலையை நானே மூடியதாக ஆகும். ஒன்றும் பிடிபடாமல் அந்த அரை மணி நேர இலவச ஓட்டத்தை எடுத்தேன். இறக்கத்தில் ப்ரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். சூடு ஏறியது. புகை வந்தது, மிதி வேலை செய்யவில்லை, கியரைக் குறைத்துத்தான் பிடித்து நிறுத்தினேன். உன் கணக்குப்படி இது தேறிவிட்டது. நீ இருந்திருந்தால் மேசையைத் தட்டி, "வாங்குடா!" என்று கத்தியிருப்பாய்.

வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி நடக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். தக்காளியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கேபினுக்குப் போனேன். நேரம் ஓடுகிறது, அள்ளு அள்ளு என்று திரை மினுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் இருந்தது, சீட் இருந்தது, கண்ணாடியில் எலுமிச்சம்பழம்கூடத் தொங்கியது. ஆள் இல்லை. ஒவ்வொரு தக்காளியிலும் காம்பு வரைக்கும் வரைந்தவர்களுக்கு உள்ளே ஓர் ஆளை வைக்கத் தோன்றவில்லை. டிரைவர் குதித்து ஓடிவிட்டான் என்று அவர்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே நின்றேன். நேரம் முடிந்து, வாங்குகிறீர்களா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். சட்டம் சட்டம்தான், இந்தத் தடவை ஒத்துக்கொள்ளாதவன் நான்.

போன மாதம் அதே கணவாயில் ஒரு கர்நாடகா வண்டி கவிழ்ந்தது. மாதுளை லோடு. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உள்ளே டிரைவர் கால் சிக்கிக் கிடந்தார். "நீரு, நீரு" என்று கேட்டார். தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டார்.

எந்த வண்டி சாய்ந்து கிடந்தாலும் இப்போதெல்லாம் முதலில் கேபினைத்தான் பார்க்கிறேன், மாப்ள. உன்னுடையதை மட்டும்தான் பார்க்கவில்லை.