வாசலில் கேட்ட மூன்று கேள்விகள்

மச்சான்,

இன்று காலை கறித்தூள் எடுக்கப் போய் உன் இரும்பு அலுமாரியைத் திறந்தேன். நீ நரி சுடும் துவக்கை வைத்துப் பூட்டிய அதே அலுமாரி. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, எனக்குத் தந்துவிட்டாள். இப்போது என் கராஜில் தூள் போத்தல்களோடு நிற்கிறது. துவக்கெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. "கறியிலும் மணக்குது, அப்பா" என்று மகள் சண்டை பிடிக்கிறாள். எனக்கு எழுத வராததால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

தொலைக்காட்சியில் மறுபடியும் துவக்குச் சட்ட வாக்குவாதம். எல்லாவற்றையும் பறிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். பண்ணைக்காரனிடமாவது விட்டுவையுங்கள் என்கிறார் மற்றவர். அப்படியே நானும் நீயும்தான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டண்டினொங் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கினோம். ஓய்வு பெற்றதும் நீ கிப்ஸ்லாந்துப் பக்கம் காணி வாங்கி ஆடு வளர்த்தாய். நரி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கத் தொடங்க, லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கினாய். அதைக் கேள்விப்பட்டு நான் வருவதை நிறுத்தினேன். ஊரில் சண்டை நாட்களில் ஒரே தெருவில், ஒரே துவக்குக்கு முன்னால் முழந்தாளில் நின்றவர்கள் நாம். அந்தச் சாமானை நீ எப்படித் தொட்டாய்? கோபத்தைவிட, அதை அறியும் ஆவல்தான் என்னைத் தின்றது. கடைசியில் ரயிலேறி வந்து கேட்டேவிட்டேன்.

வேலிக் கம்பியை முறுக்கியபடியே சொன்னாய்: "அண்டைக்கு எங்களை முழந்தாளிலை விட்டவனை ஆர் மச்சான் கேள்வி கேட்டது? இஞ்சை என்னைக் கேக்கினம். பொலிஸ் வந்து அலுமாரியைப் பாக்குது. கேள்வி கேக்க ஆள் இருக்கிற துவக்கு வேறை."

"பொலிஸ் எப்பவாவதுதானே வரும்?"

"அப்ப நீ கேள். உனக்குக் கையெழுத்துத்தான் வராது, வாய் நல்லா வருமே!"

அன்றிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன்.

"துவக்கு எங்கை?"

"அலுமாரியிலை."

"குண்டு எங்கை?"

"வேறை பெட்டியிலை, பூட்டி."

"திறப்பு எங்கை?"

"அதை உனக்குச் சொல்லக்கூடாது, சட்டம். ஆனா எனக்குத் தெரியும்."

அதன் பிறகுதான் தேத்தண்ணி. துவக்கு எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. என் பயம் உனக்குப் பிடிக்கவில்லை. இந்த மூன்று கேள்வியில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

ஒருநாள் மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்தாய், பதில் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாய். திறப்பு அலுமாரிப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதல்நாள்தான் பேரப்பிள்ளைகள் வந்து அந்த வீடெல்லாம் ஓடி விளையாடிவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுப்பில் நீ மறந்த பால், திறந்துவிட்ட கேற், இரண்டு தரம் விழுங்கிய பிரஷர் குளிசை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எழுதி வைக்கத் தெரியாதவன் எதையும் மறப்பதில்லை.

"நீ என்ன, சிஐடியோ?" என்று கத்தினாய்.

"நீதானே கேக்கச் சொன்னனீ."

திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தாய். பிறகு நீயே பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தாய். துவக்கைக் கொடுத்துவிட்டு வரும்போது, "இனி நரிக்கு நீ பதில் சொல்லு" என்றாய். அடுத்த மாதம் ஆடுகளுக்குக் காவலாக ஓர் அல்பாக்கா வந்து நின்றது. "துவக்கைக் குடுத்திட்டு ஒட்டகத்தின்ரை ஒண்டைவிட்ட தம்பியை வாங்கியிருக்கிறன்" என்று நீ சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்காவிட்டால் நீயாகவே கொடுத்திருப்பாயா? இதை உன்னிடம் கேட்க நினைத்து நினைத்தே நாள் போய்விட்டது.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, என்னையறியாமல் வாய் கேட்டுவிட்டது: "துவக்கு எங்கை?"

கேட்டபிறகுதான் வெட்கம் வந்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள்.

"குடுத்தாச்சு, அண்ணை" என்றாள். "உள்ளை வாங்கோ. தேத்தண்ணி ஊத்துறன்."