பிரேக்குக்கும் அதே ஆயில்தான்

மண்ணச்சநல்லூர்,
ஐப்பசி 12.

தோஹாவில் இருக்கும் என் கணவர் மாத்ருபூதம் அவர்களுக்கு மட்டுவார்குழலி எழுதுவது.

இங்கே நான் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய் என்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் நலம் என்பது தெரியும். முந்தாநாள் புதுக் கறுப்புக் கண்ணாடியோடு வாட்ஸப்பில் படம் போட்டிருந்தீர்கள். கண்ணாடி ஓரத்தில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கிறவன் முட்டாள் என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் நீங்கள்தான்.

பதினெட்டு நாளாக உங்கள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. எழுத்து கோணலாக இருக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று சொன்னேனே, அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

புரட்டாசி பிறந்தபோது டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் முகமது யூசுப் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நம் வண்டியில் கியர், பின்னால் ஏர் தூக்கும் லிஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். பிரேக் தட்டுகள் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. "விலை கம்மியா வாங்குங்க, தப்பில்லக்கா. ஆனா ஆயில்ல முங்குற பிரேக்குக்கு ஆகும்னு பக்கெட்ல போட்டிருக்கணும். வெறும் ஹைட்ராலிக்னு இருந்தா வேணாம்" என்றார்.

அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள். "எல்லாம் ஒரே பீப்பாய்லேருந்து வர்றதுதாண்டி. பொம்பளைங்களுக்கு ஸ்டிக்கரப் பாத்தாத்தான் நம்பிக்கை" என்றீர்கள். மறுநாளே, பால்பண்ணைப் பக்கம் ஆயில் கடை வைத்திருக்கும் உங்கள் பள்ளித் தோழர் தமிழ்மணி மூன்று பக்கெட் அனுப்பிவிட்டார். பக்கெட்டில் சிங்கம் கர்ஜித்துக்கொண்டிருந்தது. பிரேக் என்ற சொல்லைத்தான் எங்கேயும் காணவில்லை. யூசுப் அதைத் திறக்கவே மாட்டேன் என்றார். தமிழ்மணி கடை ஆளே ஊற்றிவிட்டுப் போனார். கம்பெனி ஆயிலில் பாதி விலை என்று நீங்கள் அன்று முழுக்கப் பெருமையாக இருந்தீர்கள்.

நாலாம் நாளே லிஃப்ட் வெட்டி வெட்டித் தூக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் கிறீச்சிட்டது. பதினோரு வருஷமாக நம் வண்டியை ஓட்டும் செல்லக்கண்ணு வந்து சொன்னார். உங்களுக்குப் போன் செய்தேன். "ஓட்டத் தெரியாதவனுக்கு எல்லாம் சத்தமாத்தான் கேக்கும்" என்றீர்கள். அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பேசுகிறீர்கள். இங்கே நின்றுகொண்டு உங்கள் வாயாக நான் இருந்தேன்.

அடுத்த வாரம் மேலவயலுக்கு எரு ஏற்ற வேண்டிய நாளில் அவர் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "லோடோட வாய்க்கா கரையிலேருந்து இந்த வண்டிய எறக்க மாட்டேங்க. ஆயில மாத்துங்க, அடுத்த நிமிஷம் வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. உங்களைக் கேட்டால் இன்னொரு முறை சிரிப்பீர்கள். நான் சாவியை எடுத்தேன்.

ஆமாம், அன்று வண்டியை ஓட்டியது செல்லக்கண்ணு இல்லை. நான்தான். நீங்கள் இல்லாத நாலு வருஷமாக வயலுக்குள் நான்தான் பாதி நாள் ஓட்டுகிறேன். உங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லவில்லை.

பெருவளை வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். முதலில் அதிர்ந்தது. அப்புறம் கால் சும்மா உள்ளே போனது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுவது முதுகில் தெரிந்தது. புங்கமரத்தில் இடித்து வண்டி சாய்ந்தது. நான் வயலில், சேற்றில் போய் விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது பாத்ரூமில் இல்லை, அங்கேதான். இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால் சக்கரத்துக்குக் கீழே. அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு, ஐயோ இவர் என்ன சொல்வாரோ என்பது. அதற்காக நான் என்னை மன்னிக்கவே போவதில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவர் செல்லக்கண்ணு. ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடவைத்தவரும் அவரே. நான் ஓட்டியது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். சரி என்றார். அன்று சாயங்காலம் நீங்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்ன ஆச்சு?" இரண்டாவது கேள்வி, "அவன் குடிச்சிருந்தானா?" நான் சும்மா இருந்தேன்.

அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு போட்டீர்கள். குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தான், யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடாதீர்கள் என்று. எனக்கு அது பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும். நடவுக் காலத்தில் ஒரு டிரைவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் இப்போது அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். நான் கெஞ்சியதற்காக இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு நிமிஷத்தில் அவன் இவன் என்றீர்களே, அந்த மனிதர்.

தெரிந்த அன்றே குரூப்பில் எழுதினேன், ஓட்டியது நான் என்று. உங்கள் சித்தப்பா மகன் கைகூப்பும் படம் போட்டு "அண்ணிக்குப் பெரிய மனசு" என்றார். மற்றவர்களும் வரிசையாகக் கைகூப்பினார்கள். வேலைக்காரனைக் காப்பாற்றுகிறேனாம். உங்கள் பொய்க்கு இருக்கும் மதிப்பு என் உண்மைக்கு இல்லை.

செல்லக்கண்ணுவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி இருளாயி உட்காரச் சொன்னாள், முகம் பார்க்கவில்லை. செல்லக்கண்ணு, "நீங்க சொன்னா எடுபடாதுங்க அக்கா. யாரு சொன்னாரோ அவரு வாயால வரணும்" என்றார்.

யூசுப் வண்டியைப் பிரித்தார். ஆயில் கேழ்வரகுக் கூழ் மாதிரி கொட்டியது. பிரேக் தட்டுகள் கருகிக் கிடந்தன. இப்போது ஊற்றியிருப்பது பெரிய கம்பெனி ஆயில்கூட இல்லை, நடுத்தர விலைதான். ஆனால் பிரேக்குக்கு ஆகும் என்று பக்கெட்டிலேயே இருக்கிறது. நானே படித்துப் பார்த்து வாங்கினேன். மலிவாக வாங்கியதற்காக நான் உங்களை ஏளனம் செய்யவில்லை. ஒரு வரி படிக்காமல், ஒரு மனிதர் சொல்வதைக் கேட்காமல், எல்லாம் தெரியும் என்று சிரித்தீர்களே, அதற்குத்தான்.

இதை உங்களை அழவைக்க எழுதவில்லை. நீங்கள் அழுகிறவரும் இல்லை. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அதே குரூப்பில், அதே குரலில், நீங்கள் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். பிறகு செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மரியாதையாக, வாங்க போங்க என்று. எண் உங்களிடம் இருக்கிறது.

அங்கே வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள், அந்தச் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள். நல்லபடியாக இருங்கள். அவரிடம் பேசிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். எடுக்கிறேன்.

இப்படிக்கு,
மட்டுவார்குழலி