பாவம் என்று நிற்க மாட்டோம்

ஜூன் 9, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்கு மாயாமாளவகௌளை ராகம். பாதி நேரம் மழைச் சத்தம்தான் பாடியது. சிந்துஜா இன்றும் மூன்றாம் பாடவேளைக்குத்தான் வந்தாள், சப்பாத்து நிறையச் சேறு. தேயிலைத் தோட்டத்துப் பாதை மண்சரிவில் போனதிலிருந்து அந்தப் பக்கம் பஸ் இல்லை. பதினொரு பிள்ளைகள் ஏழு கிலோமீற்றர் நடந்து வருகிறார்கள்.

இடைவேளையில் மேல் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். "டீச்சர், ஒரு கச்சேரி வச்சு இவங்களுக்கு வேன் புடிப்போமா?"

எனக்கல்லவா இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்! சரி என்றேன். முன்னின்று பாடப்போவது சிந்துஜா.

ஜூன் 12, வெள்ளி

எங்கள் கண்டிப் பள்ளி அதிபர் பள்ளி மண்டபத்தைத் தருகிறார். பழைய மாணவியர் சங்கத் தலைவி திருமதி தியாகராஜா பெரிய ஆட்களை அழைத்து வருவாராம். நல்லது.

ஜூன் 16, செவ்வாய்

நல்லதா? என்ன நல்லது!

கூட்டத்தில் திருமதி தியாகராஜா சொன்னது: "அந்தப் பதினொரு பேரும் பாடத் தேவையில்ல. மேடையில வரிசையா நிக்கட்டும். சப்பாத்து வேணாம், செருப்பு போதும். ஒரு பிள்ள வீட்டுக் கஷ்டத்தச் சொல்லட்டும், அழுதா இன்னும் நல்லம். பாத்தாத்தானே குடுப்பாங்க."

"சிந்துஜா பாடுவாள்" என்றேன்.

அதிபர் என்னைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் நின்னா என்ன கொறஞ்சிடப் போவுது, டீச்சர்?"

என்ன குறையும்? எனக்குப் பத்து வயதில் எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பை கொடுக்க வந்தார்கள். அம்மா எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தாள். படம் எடுக்க வந்தவர் பின்னலை அவிழ்த்து, முடியைக் கலைத்துவிட்டுப் படம் எடுத்தார். பையை வாங்கிக்கொண்டேன். விளையாடும்போது அவிழ்ந்தது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். இப்போது நாற்பத்தொரு வயது. இன்னும் ஆறவில்லை.

"அப்படின்னா நான் நடத்த மாட்டேன்." எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 17, புதன்

மண்டபம் இல்லையாம். ஆள் அனுப்பிச் சொல்கிறார் அதிபர்.

என் கோபத்துக்காகப் பிள்ளைகள் நடப்பதா? நான் யார் தீர்மானிக்க? பதினொரு பேரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தி, "அப்ப வேன் வராதா டீச்சர்?" என்றாள்.

சிந்துஜாதான் பேசினாள். "பாடச் சொன்னா எவ்வளவு நேரம்னாலும் நிப்போம். பாவம்னு நிக்க மாட்டோம். வேற எடம் தேடுவோம் டீச்சர்."

ஜூன் 19, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது! கணக்கு டீச்சர் உம்மு குல்சும் சொன்னார்: "அலவத்துகொடயில எங்கட வாப்பாட கல்யாண மண்டபம் சும்மாதான் கெடக்கு. அடுத்த சனிக்கிழம வாங்க."

"அதிபர் ஏசுவாரே?" என்றேன்.

"என்னயும் சேத்து ஏசட்டும்."

ஜூன் 24, புதன்

பின்னேரம் குண்டசாலையில் என் வாடகை வீட்டில் ஒத்திகை. இருப்பது நான்கு கதிரை, வந்தது இருபது பிள்ளைகள். அவர்களே ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்கள் — "ரோடு போனா போகட்டும், காலு ரெண்டும் எங்களோட!" இலக்கணம் பார்க்கவில்லை. தாளம் மட்டும் திருத்தினேன்.

ஜூன் 27, சனி

மண்டபம் நிறைந்தது. பெரிய ஆட்கள் ஒருவரும் இல்லை. கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், தோட்டத்திலிருந்து நடந்தே வந்த அம்மாக்கள். பதினொரு பேரும் சப்பாத்தைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். பதற்றத்தில் சிந்துஜா சுருதியை அரைக்கட்டை ஏற்றி எடுத்துவிட்டாள். ஆர்மோனியத்தை நான்தான் அவள் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓட வைத்தாளே, ராட்சசி!

முடிந்ததும் வேன் ஓட்டும் அஸீம் என்பவர் எழுந்தார். "டீசல் காசு மட்டும் தாங்க. ஓடுறது நான்."

அந்த அம்மாக்கள் கை தட்டியது இன்னும் காதில்.

ஜூன் 30, செவ்வாய்

விளக்கம் கேட்டு அதிபரின் கடிதம். அனுமதியின்றி மாணவிகளை வெளியே அழைத்துச் சென்றேனாம். பதில் எழுதினேன்: "ஆம். பெற்றோரின் கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது. வருத்தம் இல்லை." கடைசி வரியை வெட்டச் சொன்னார் உம்மு குல்சும். வெட்டவில்லை.

ஜூலை 6, திங்கள்

ஏழு இருபதுக்கு வேன். பதினொரு பேரும் முதல் மணிக்கு முன்னே.

ஜூலை 22, புதன்

இடமாற்றம். கலகெதரப் பள்ளிக்கு. இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். எட்டு வருஷம் — என் பிள்ளைங்க — எப்படி அழாம இருப்பேன்? மன்னிப்புக் கேட்டிருந்தால் மாற்றத்தை நிறுத்தியிருப்பார்களோ? கேட்க மாட்டேன். எதற்குக் கேட்க?

ஜூலை 27, திங்கள்

கலகெதர. சங்கீத அறை கிடையாது, கன்டீனுக்குப் பக்கத்து வகுப்பு. ஒரே பருப்பு வாசம். பின் வரிசையில் ஒருத்தி கை உயர்த்தினாள். "மிஸ், கண்டியில இருந்து உங்கள ஏன் இங்க அனுப்பினாங்க?"

"பிள்ளைங்கள பாட வச்சதுக்கு."

நம்பவில்லை. சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, எழும்புங்க" என்றேன். முப்பது கதிரைகளும் ஒன்றாக இழுபட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். நான் பிள்ளைகளை முதல் ஸ்வரமான ஷட்ஜத்தைப் பிடிக்கச் சொன்னேன்.