அத்திப்பள்ளியைத் தாண்டி நாம் இருவர் மட்டும்

என் அன்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய ரத்னாவுக்கு,

நீ ஆடியில் போனாய். இப்போது தை பிறந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி சூளகிரிக்கு வந்து என் அடுப்படி வாசலில் நிற்கிறார். "அண்ணி, ரத்னா ரசத்துல கடைசியா என்ன போடுவா?" என்று கேட்கிறார். சொல்லி அனுப்புகிறேன். அடுத்த வாரம் வந்து, "அந்த வாசனை வரல அண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

என் கொழுந்தனார் அழுதால் எனக்குப் பாவமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமை வந்து நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ரசமா குழம்பா என்பதே தட்டைப் பார்த்தால்தான் தெரியும். செத்துப் போன பிறகும் நீ என்னை முந்திக்கொண்டுதான் இருக்கிறாய். இது நியாயமா, சொல்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் நாம். நான் வந்து எட்டு வருஷம் கழித்து நீ வந்தாய். ஓசூரில் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தே கன்னடமும் தெலுங்கும் பழகியவள். எனக்கோ தமிழிலேயே பேச்சு வராது. நீ வந்த மாதமே மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதுவும் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது.

ஆனால் அந்தப் பெங்களூர்ப் பயணம் என்னுடையது ரத்னா. கல்யாணமான புதிதில் "லால்பாக் காட்டுறேன்" என்று அவர் சொன்னது எனக்கு. தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த வருஷம்தான் அவருக்கு மனசு வந்தது. விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறி, சின்னாளப்பட்டு கட்டிக்கொண்டு நிற்கிறேன், "தம்பியையும் ரத்னாவையும் கூட்டிக்கலாம்" என்றார். இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் புளிச்சோறு கிளறினேன்.

புறப்பட்ட நேரம் சரியில்லை. ஓசூர் வருவதற்குள் பஸ் டயர் வெடித்தது. நெடுஞ்சாலையில் வெயிலில் நின்றோம். ஓசூரில் பெங்களூர் பஸ்ஸுக்கு ஓடியபோது என் செருப்பு வார் அறுந்தது. உன் முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றி, படிக்கட்டில் உட்கார்ந்தே நீ அதைக் கோத்துக் கொடுத்தாய். பஸ்ஸே உன்னைப் பாராட்டியது. செருப்பு என்னுடையது.

கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் அசையாமல் நின்றது. ஆம்பிளைகள் இரண்டு பேரும் டீ குடிக்க இறங்கினார்கள். டீ கைக்கு வந்திருக்குமோ இல்லையோ, பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

"ரத்னா, எறங்கிடலாம்டி. டிக்கெட்கூட அவுரு பாக்கெட்லதான் இருக்குது."

"எறங்கி என்ன பண்றது அக்கா? அவங்க அடுத்த பஸ்ல வருவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கன்னடத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் நின்றிருக்கும். உன் பக்கத்தில்தான் கண்டக்டர் நின்றிருந்தார். ஏன் சொல்லவில்லை? அன்றும் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வழியில் செக்கிங் ஏறியபோது மட்டும் கன்னடம் மடமடவென்று வந்தது. அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

"அவுருகிட்ட என்னடி சொன்னே?"

"ரெண்டு பேரையும் டீக்கடையில மறந்து வெச்சிட்டு வந்துட்டோம்னு சொன்னேன் அக்கா."

பெங்களூர் கலாசிப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றோம். ஓசூர் பஸ்கள் வந்தன, அவர்கள் வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. நீ பக்கத்து டீக்கடைக்காரரிடம் இரண்டு பேருடைய அடையாளத்தையும் சொல்லி, வந்தால் லால்பாக்குக்கு அனுப்பச் சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாய்.

கண்ணாடி மாளிகையைப் பார்த்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறினோம். மேலே அடித்த காற்றில் எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. மிளகாய்த்தூள் போட்ட வெள்ளரிக்காயை நீ வாங்கித் தந்தாய். 'சீக்கிரம் வா' என்று யாரும் என்னைக் கூப்பிடாத முதல் பகல் அது. உன்னோடுதான் அது வாய்த்தது என்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார்கள். நாம் வழியில் இறங்கி நிற்போம் என்று நம்பி, ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கித் தேடியிருக்கிறார்கள். கொழுந்தனார் ஓடிவந்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில் உன் கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டியா ரத்னா? எதாச்சும் சாப்ட்டியா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான். "பை எங்க?"

புளிச்சோற்றுப் பை பஸ்ஸிலேயே போய்விட்டது. "பெரியவளா இருந்துக்கினு புத்தி வேணாம்?" என்று அவர் ஆரம்பித்தார். என் கண் உங்கள் இரண்டு பேருடைய கைகளின் மேலேயே இருந்தது. அந்த நிமிஷம் உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் நீ குறுக்கே வந்தாய். "மாமா, அக்காவத் திட்டாதீங்க. நான்தான் பயந்து அழுதுட்டேன். அக்காதான் தெகிரியம் சொல்லி இவ்ளோ தூரம் பத்திரமா கூட்டினு வந்தாங்க."

"இல்லீங்க, இவதான்..." என்றேன்.

"அக்கா அப்படித்தான் சொல்லுவாங்க மாமா" என்று சிரித்தாய். யாரும் என்னை நம்பவில்லை. அவர் மட்டும் என்னைப் புதிதாக யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்றிலிருந்து கிருஷ்ணகிரி மண்டிக்கு நான்தான் போகிறேன். பாங்கிக்கும், பையன்களின் பள்ளிக்கூடத்துக்கும் நான்தான். "எங்க வீட்ல பெங்களூரயே தனியா பாத்தவ" என்று ஊரெல்லாம் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் உன் பேரைச் சொல்லப் பார்க்கிறேன், "தன்னடக்கம்" என்கிறார்கள். விட்டுக்கொடுப்பதிலும் உன்னை என்னால் முந்த முடியவில்லையே ரத்னா.

இனி உன் மகள் விஷயம். ஷிப்டு வேலைக்குப் போகிற அப்பாவோடு அவள் எப்படி இருப்பாள்? பொங்கல் முடிந்ததும் எங்களோடு கூட்டி வந்துவிட்டேன். இங்கேயே பள்ளிக்கூடம். உன் தலைமுடிதான் அவளுக்கு. சீப்பு இறங்குவதே இல்லை. எனக்குப் பிறந்த இரண்டும் பையன்கள், சடை பின்னுகிற ஆசை எனக்கு இத்தனை வருஷமும் அப்படியே கிடந்தது. உன்மேல் பொறாமைப்பட்டதில் இதுவும் ஒன்று.

நேற்றுக் காலை சிக்கெடுக்கும்போது, "மெதுவாம்மா" என்றாள். வலியில் வந்த வார்த்தையா, என்னையே கூப்பிட்டாளா, தெரியவில்லை. சொன்னதும் அவளும் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். சீப்பு என் கையில் நின்றது. அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். உன்னிடமிருந்து கடைசியில் ஒன்றை ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

"பெரிம்மாடி" என்றேன்.

"ம், பெரிம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன். சடை பின்னுவேன், படிக்க வைப்பேன், உன்னைப்போலவே வாய் பேசினால் திட்டிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பேன். அந்த ஒரு சொல் உன்னுடையது. எவ்வளவு வயிறு எரிந்தாலும் அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் மூத்த ஓரகத்தி.