ஆறு வாரப் பெட்டி

நாமக்கல்,
19.1.2025

தமிழினி அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கவே பயமாக இருக்கிறது.

பொங்கலுக்குச் சூரமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி செல்போனை என் முன்னால் நீட்டி, "இது உங்க ஊட்டுக்காரர்தானே உஷா?" என்றார். கனடாவில் இருக்கிற நம் பக்கத்து ஆள் யாரோ போட்ட படம். நீங்கள் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரிக்கிறீர்கள். பின்னால் சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு ஒயின் கிளாஸ் படம். உங்கள் வீட்டிலேயே ஒயின் தயாரியுங்கள் என்று மேலே இங்கிலீஷில் போர்டு.

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"பக்கெட்டும் குழாயும் மூடியும் விக்கிற கடையில வேலை கெடைச்சிருக்கு" என்று நவம்பரில் சொன்னீர்களே, அது இந்தக் கடைதானா?

விசாவுக்கு எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் மார்ச் கடைசிக்குள் அனுப்பச் சொல்லி மெயில் வந்துவிட்டது. அனுப்பவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

போன் செய்ய வேண்டாம். நீங்கள் போனில் பேசினால் என்ன சொல்கிறீர்கள் என்பது என் மண்டையில் ஏறுவதில்லை. நாக்கு குழறுகிறதா என்றுதான் காது தேடுகிறது. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். நானும் அப்படியே அனுப்புகிறேன்.

உஷாராணி

*

ஹாமில்டன்,
21.1.2025

அன்புள்ள உஷா,

நான் குடிக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். சிகிச்சை முடிந்து வெளியே வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை.

பக்கெட், குழாய், மூடி என்று சொன்னது பொய் இல்லை, அதையும் விற்கிறோம். மீதியைச் சொல்லாமல் விட்டது பொய்தான். சொன்னால் நீ வர மாட்டாய் என்று பயந்துவிட்டேன்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வேலை தெரிந்தவன் என்றுதான் இங்கே போர் போடுகிற கம்பெனி என்னை எடுத்தது. ஆனால் குளிர்காலத்தில் மண் பாறையாகிவிடுகிறது. ஏப்ரலில்தான் மறுபடி வண்டி இறங்கும். அதுவரைக்கும் கிடைத்த வேலை இது. ரோசா என்று ஓர் இத்தாலிக்கார அம்மாவின் கடை.

இங்கே பாட்டில் விற்பதில்லை. பெட்டிதான். உள்ளே ஒரு பெரிய பை நிறையத் திராட்சைச் சாறு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், கொஞ்சம் ஓக் மரத்தூள், சாறு தெளிவதற்கு ஒரு களிமண் பொடி. வீட்டில் பக்கெட்டில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்தால் ஆறு வாரத்தில் முப்பது பாட்டில் வரும். இங்கே சட்டம் தடுப்பதில்லை. ரிட்டையர் ஆனவர்கள் நம் ஊரில் மாடித்தோட்டம் போடுகிற மாதிரி இதைச் செய்கிறார்கள்.

எந்தப் பெட்டி என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளை ஒயினுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிவப்புக்கு வருகிறவர்கள்தான் அலமாரி முன்னால் நின்று முழிப்பார்கள். என்ன சாப்பாட்டோடு குடிப்பீர்கள், எவ்வளவு நாள் பொறுப்பீர்கள் என்று கேட்பேன். அவசரக்காரர்களுக்கு மெர்லோ என்கிற வகை. அதில் சாற்றைச் சுண்ட வைத்திருப்பார்கள், தண்ணீர் சேர்த்தால் போதும், சீக்கிரம் முடியும், ருசி மட்டும் கொஞ்சம் மெலிசு. கறி சுட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குத் திராட்சைத் தோலோடு வருகிற பெரிய பெட்டி. எட்டு வாரம் ஆகும். அப்புறமும் ஒரு வருஷம் பாட்டிலில் கிடந்தால்தான் அதன் துவர்ப்பு அடங்கும். ருசியே பார்க்காமல் எப்படிச் சரியாகச் சொல்கிறாய் என்று ரோசாவே கேட்கிறார். வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமையானால் என்னைத் தேடி வருகிறார்கள் உஷா.

பாப்பாவுக்குப் பரீட்சை எப்படிப் போயிற்று?

உன்
குமரகுரு

*

நாமக்கல்,
23.1.2025

தமிழினி அப்பாவுக்கு,

கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. சரி. ஆனால் ஒயினைப் பற்றி எழுதின பத்தியில் எழுத்து ஓடுகிறது. மகளைப் பற்றிக் கேட்டது கடைசியில் ஒற்றை வரி.

நான் கோழித்தீவன லேபில் வேலை பார்க்கிறவள். ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். தினமும் மக்காச்சோள மூட்டையில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெளியே மணி மணியாக இருக்கும். கையை உள்ளே விட்டால் சூடு அடிக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

திருச்செங்கோடு ரோட்டில் பாப்பாவை பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போய் லாரி அடியில் வண்டியை விட்டீர்களே, அன்றைக்குக் காலையிலும் "தொடவே இல்ல கண்ணு" என்றுதான் சொன்னீர்கள். அவளுக்கு இடது முழங்கை இன்னும் முழுசாக நீளவில்லை. டிரில் பீரியடில் கையைத் தூக்கச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்கிறாள். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்தக் கடையில் ருசி பார்க்கக் கிளாஸ் வைத்திருக்கிறார்களா? நீங்கள் அதைக் கையில் எடுத்ததுண்டா? அந்த வேலையை விடுவீர்களா?

உஷாராணி

*

ஹாமில்டன்,
25.1.2025

அன்புள்ள உஷா,

வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் பின்பக்க மேசையில் ஊற்றி வைப்பார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு தடவை எடுத்ததுண்டு. போன மாதம் பெட்டிக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் புதிதாக ஒரு சிவப்பு வகை கொண்டுவந்தார். பேசிக்கொண்டே ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டார். வாங்கிவிட்டேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எச்சில் ஊறியது. "எனக்குச் சேராதுங்க" என்று சொல்லித் தொட்டியில் ஊற்றினேன். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

அன்றைக்குச் சாயந்திரம் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போய்க் குர்மீத்திடம் சொன்னேன். குர்மீத் லாரி ஓட்டுகிற பஞ்சாபிக்காரர், அவரும் விட்டவர்தான். மனசு தடுமாறினால் நான் கூப்பிட வேண்டிய ஆள் அவர். அந்த வேலையை விட்டுவிடு என்றுதான் அவரும் சொன்னார்.

விட மனசு வரவில்லை. ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் எத்தனையோ வருஷம் ரிக்கில் கிடந்தேன். திட்டுத்தான் வாங்கியிருக்கிறேன். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள் கடைக்குள் நுழைந்ததும் "குமார் இருக்கிறாரா?" என்று கேட்கிறார்கள். என்னை நம்பி ஒரு காரியம் கேட்கிறார்கள். அது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கொள் சாமி.

பாப்பா கையை இங்கே டாக்டரிடம் காட்டலாம். விசாரித்து வைத்திருக்கிறேன்.

உன்
குமரகுரு

*

நாமக்கல்,
2.2.2025

தமிழினி அப்பாவுக்கு,

அண்ணன் குருமூர்த்தி நேற்று வந்தார். வக்கீலைப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார். விவாகரத்துக் காகிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. "குடிச்சுக் கெட்டவனுக்கு ஒயின் கடையில வேலை. இன்னும் என்னம்மா யோசனை பண்ற?" என்று கேட்டார்.

உங்களைத் தேடி வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறேன். நம் பக்கத்து வேலூர் பஸ் ஸ்டாண்டிலும் சங்ககிரியிலும் எத்தனை மதுக்கடை வாசலில் தேடினேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிகிற நிலைமையில் நீங்கள் இருந்ததில்லை.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதுங்கள், பாஸ்போர்ட்டை அனுப்புகிறேன். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

உஷாராணி

*

நாமக்கல்,
13.2.2025

பதில் இல்லை. நான் பிடிவாதத்தை விட்டுவிட்டுப் போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். கடை நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். குமார் இப்போது இங்கே இல்லை என்று ஓர் அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன அர்த்தம் அதற்கு?

லேபில் இரண்டு சாம்பிளை மாற்றி எழுதிவிட்டேன். எனக்கு அப்படி ஆனதே இல்லை. அப்பா ஏன் பேசவில்லை என்று பாப்பா கேட்கிறாள். பனியில் டவர் எடுக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடி ஆரம்பித்துவிட்டீர்களா? அப்படியென்றால் அப்படி என்று எழுதுங்கள். திட்ட மாட்டேன். உயிரோடு இருக்கிறீர்கள் என்றாவது எழுதுங்கள் மாமா.

உஷா

*

ஹாமில்டன்,
16.2.2025

அன்புள்ள உஷா,

இருக்கிறேன். குடிக்கவில்லை. குர்மீத் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ரோசாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். எட்டாம் தேதி சனிக்கிழமை நல்ல கூட்டம். நிலவன் என்று ஒருத்தர் வந்தார். குமாரபாளையம், தறிக்காரர் குடும்பமாம். நம் பேச்சைக் கேட்டதும் தோளில் கை போட்டுவிட்டார். கூட அவர் சம்சாரம், இடுப்பில் குழந்தை. "அண்ணா, நம்ம ஊர்க்காரர் நீங்க. சீக்கிரம் ரெடியாகற மாதிரி, தூக்கலா ஒரு சிவப்புப் பெட்டி எடுத்துக் குடுங்க. ரெண்டாவே குடுத்துருங்க" என்றார்.

காலை பதினொரு மணி. அவர் பேசப் பேச எனக்கு வாடை அடித்தது. நான் மெர்லோவை எடுக்கத் திரும்பினேன். பழக்கத்தில் கை தானாகப் போகிறது. அவர் பக்கெட் பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்தார். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அண்ணா, போன தடவ ஆறு வாரம்கூடப் பொறுக்கலீங்க. பொங்கிக்கிட்டு இருக்கறப்பவே பக்கெட்டுல மோந்து மோந்து குடிச்சாரு. இல்லைன்னு சொல்லிருங்கண்ணா" என்றாள்.

பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தேன். அவர் வந்ததும், "உங்களுக்கு நான் தர மாட்டனுங்க" என்றேன்.

"ஏன், நான் காசு குடுக்க மாட்டனா?"

"அதில்லீங்க. நானும் குடிச்சுக் குடும்பத்தைக் கெடுத்தவன். உங்களுக்கு இது வேண்டாம்."

அவர் என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார். கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்தி மறைத்துக்கொண்டாள். ரோசா வந்து என்னவென்று கேட்டார், சொன்னேன். "குமார், பெட்டியைத்தான் நீ தேர்ந்தெடுக்க வேண்டும், ஆளை இல்லை" என்றார். அவரே இரண்டு மெர்லோவை எடுத்து பில் போட்டார். காரில் கொண்டுபோய் வை என்று என்னிடம் சொன்னார். நான் ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரோசா பின்னாலேயே வந்து கூப்பிட்டார். திரும்பவில்லை.

என்னால் ஒன்றும் ஆகவில்லை உஷா. பெட்டி போய்விட்டது. கார் கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்தாள். என்னால் அவளுக்கு வீட்டில் இன்னும் நாலு அடி கூடத்தான் விழுந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே மதுக்கடை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். கதவைத் திறக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் குர்மீத்தைக் கூப்பிட்டேன். லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். என் போனை அவரே வாங்கி அணைத்து வைத்தார். எனக்கு நன்றாகக் காய்ச்சல். எழுத உட்கார்ந்தபோது கை நடுங்கியது. நடுங்கின எழுத்தை உனக்கு அனுப்பத் தைரியம் வரவில்லை. நேற்றுத்தான் போனைத் திருப்பித் தந்தார். உன் கடிதத்தைப் பார்த்தேன். உன்னை இப்படித் தவிக்க விட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது வேலை இல்லை. மது இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவதே பெரிய காரியமாக இருக்கிறது. இப்படிப்பட்டவனை நம்பி, உனக்கு இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பாஸ்போர்ட்டை அனுப்பாதே. மச்சான் சொல்கிறபடி செய். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

குமரகுரு

*

நாமக்கல்,
1.3.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உடனே பதில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். அழுகையில் எழுதினால் எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடைக்கு ஒரு நாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவரிடம், "எங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்காதீங்கண்ணா" என்று கும்பிட்டேன். "நகரும்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்றார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணனிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணுக்கு உங்களால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்டாள், கேட்டவுடன் ஒருத்தர் பெட்டியைத் திரும்ப வைத்தார். அது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதே ஆள்தான் மதுக்கடை வாசலில் இரண்டு பஸ்ஸை விட்டார். நாளைக்கு மூன்றாவது பஸ்ஸையும் விட மாட்டீர்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் வர வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. இத்தனை வருஷமும் உங்கள் குடிதான் எங்கள் நாளை முடிவு செய்தது. இதை நான் முடிவு செய்கிறேன். அண்ணனிடம் காகிதத்தை நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்று வந்து பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பாஸ்போர்ட் இரண்டையும் அனுப்பிவிட்டேன். பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் வாரோம். லேபில் வேலையை விடவில்லை, லீவுதான் சொல்லியிருக்கிறேன். ஸ்கூலில் டி.சி. வாங்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் போடப் போகிறேன். அந்த டிக்கெட்டில் ஏறுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் கேட்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது.

குர்மீத் அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். பாப்பா ஓடி வருவாள், அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அங்கே வைத்து ஒன்றும் பேச வேண்டாம். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடங்கள். நான் பின்னால் வாரேன்.

உஷா