மரத்தில் ஏது ஓட்டை

மீனவன் வேடத்துக்கு நீ லாயக்கில்லை என்று நாங்கள் தீர்மானித்தோம். கடலூர்க் கரையில் பிறந்து, கல்லூரிக்கு வரும் வரையில் அப்பாவோடு கட்டுமரம் ஏறிய உன்னைத் தள்ளிவிட்டு, ஸ்ரீமுஷ்ணத்து ரைஸ்மில்காரர் மகனுக்கு உடம்பெல்லாம் கரி பூசி மீனவனாக்கினோம். தீர்மானித்தவர்களில் முதல் ஆள் நான். நாடகத்தை எழுதியவன் நான்தானே.

இந்த வருடக் கலைவிழாவில் அதே நாடகத்தை மறுபடியும் போடப்போகிறார்களாம். பிரதி கேட்டு எழுதியிருந்தார்கள். டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. நாடகத்தன்று திரைக்குப் பின்னால் நீ வைத்திருந்த பிரதி. விடுதியைக் காலி செய்த அன்று என் பெட்டியில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாய். மீசை ஒட்டும் பசை அதன் அட்டையில் கொட்டியிருந்தது. மூன்று வருடமாகியும் அந்த ஸ்பிரிட் வாசனை போகவில்லை. பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்.

“கடலன்னையே, உன் மடியில் தவழும் எங்களை வஞ்சிப்பது முறையா?” என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில், “காத்து மாறுதுன்னு நேத்தே சொன்னேன், கேட்டியா?” என்று நீ எழுதியிருக்கிறாய். மனைவி கரையில் நின்று, “அத்தான், சென்று வருக!” என்று கூவும் இடத்தில், “கடலுக்குப் போறவனைப் பின்னாலிருந்து கூப்பிடமாட்டாங்க” என்றிருக்கிறது. ஒரு வரியைக்கூட நீ அடிக்கவில்லை. என் வசனம் அப்படியே இருக்க, பக்கத்தில் உன்னுடையதை வைத்திருக்கிறாய். வெறும் வீராணம் ஏரியை மட்டும் பார்த்து வளர்ந்த காட்டுமன்னார்கோயில்காரன் நான். கடலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டு உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிதம்பரத்தில் நம்முடையது சின்னப் பல்கலைக்கழகம்தான். ஆனால் தை மாதம் வந்துவிட்டால் பத்து நாளுக்கு அதைப் பிடிக்க முடியாது. காலையில் பட்டிமன்றம், மாலையில் கச்சேரி, நடுவில் கவியரங்கம். அந்த வருடக் கவியரங்கத்துக்குத் தலைப்பே ‘ஏழையின் சிரிப்பு’. ஏழு பேர் ஏழைக்காக மேடையில் உருகினார்கள். அன்று மத்தியானம் நமக்கெல்லாம் இலை எடுத்தவர் பெயர் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. நீதான் என் காதில் சொன்னாய்: “மச்சான், இவுங்க அழுவுற அழுவையில ஏழைக்கு ஜலதோஷம் புடிச்சுடும்.” நான் சிரித்தேன். நானும் அதே மேடைக்குத்தான் நாடகம் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

விடுதியில் சேர்ந்த முதல் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட்டவன் நீ. நான் உன்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டேன், கடைசி வரை. எங்கள் வீட்டில் கரைக்காரனை மச்சான் என்று சொல்லிப் பழக்கமில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் தேடி ஏமாற்ற விரும்பவில்லை.

நடிகர் தேர்வு நடந்த அன்று, நாடகப் பொறுப்பிலிருந்த விரிவுரையாளர் உன்னை இரண்டு பக்கம் படிக்கச் சொன்னார். படித்தாய். அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் தட்டித் திரும்பியது. அலைக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை.

“குரல் சரி. உச்சரிப்பு சபைக்கு ஒத்துவராதுப்பா,” என்றார் அவர்.

“சார், இது மீனவன் பார்ட்டுதானே?”

“மீனவன்னாலும் மேடையில நிக்கிற மீனவன்.”

என்னைப் பார்த்தாய். அவர் சொன்னது சரி என்று நான் தலையாட்டினேன். என் செந்தமிழ் வசனத்தை ரைஸ்மில்காரர் மகன் தேன் சொட்டச் சொட்டச் சொல்லுவான். உனக்குத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மறந்தவனுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

அன்று சாயங்காலம் மட்டும் நீ ஒன்று சொன்னாய். “அப்பாகிட்ட மேடையில நிக்கப்போறேன்னு சொல்லிட்டேன் மச்சான். குப்பத்துல நாலு பேரக் கூட்டிக்கினு வருது.” அவ்வளவுதான். கெஞ்சவில்லை. நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

ஒத்திகையில் நீ வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. உச்சக்கட்டத்தில் கதாநாயகன் நடுக்கடலில், “ஐயோ, ஓட்டை! என் கட்டுமரத்தில் ஓட்டை!” என்று அலறி மூழ்கிச் சாக வேண்டும்.

“மச்சான், அது நாலு கட்டையச் சேத்துக் கட்டுனது. கட்டையில ஏது ஓட்டை? மரம் கவுந்துடும், முழுகாது. புடிச்சு ஏறிக்கலாம்.”

“ஏறிக்கிட்டா கதை முடியாதே!” என்றான் ரைஸ்மில்காரர் மகன். எல்லோரும் சிரித்தோம். “நாடகத்துக்கு உணர்ச்சி முக்கியம்ப்பா, கட்டை முக்கியமில்லை,” என்றார் விரிவுரையாளர். நீயும் சிரித்துவிட்டு முக்காலிக்குப் போனாய்.

நாடகத்தன்று உன் அப்பா பாசஞ்சரில் நாலு பேரோடு வந்து இறங்கினார். வெளுத்த சட்டைகள், எண்ணெய் வைத்து வாரிய தலைகள். வாசலில் பாட்ஜ் குத்தியிருந்த மாணவன் ஒருவன், வந்த அத்தனை பேரில் அவர்களை மட்டும் நிறுத்தி அழைப்பிதழ் கேட்டான். நீ கொடுத்தனுப்பியிருந்த ஐந்தையும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கடைசி வரிசை கிடைத்தது.

நீலப் புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள், அலை எழுந்தது. கரி பூசிய நாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “என் கட்டுமரத்தில் ஓட்டை!” என்றான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “மரத்துல ஏதுடா ஓட்டை?” ஐந்து பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கேலி இல்லை அது. தாங்க முடியாத சிரிப்பு. மண்டபம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. நாயகனுக்கு வசனம் மறந்துபோயிற்று.

நீ எடுத்துக்கொடுத்தாய். அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் கொடுத்தாய். உன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். உன் கை நோட்டை மூடுவதைப் பார்த்தேன். பிறகு முழுக்குரலில் ஆரம்பித்தாய்:

“மரம் கவுந்துச்சு. எது வானம் எது தண்ணின்னு தெரியல. கண்ணு காது பூரா உப்பு. ஒரு கை வந்து முடியக் கொத்தாப் புடிச்சுது. கயித்த வுடாதடா, மரம் எங்கயும் போவாதுன்னு கத்துது ஒரு கொரலு. நான் வுடல. மரமும் போவல. அப்புறம் ரெண்டு பேரும் மரத்து மேல குந்திக்கினு சிரிச்சோம். ஏன் சிரிச்சோம்னு இன்னி வரைக்கும் தெரியல.”

மேடையில் அவன் வாயை மட்டும் அசைத்தான். மண்டபத்தில் ஓர் இருமல் இல்லை. நான் எழுதிய நாற்பது பக்கத்துக்குக் கிடைக்காத அமைதி அது.

கடைசி வரிசையில் உன் அப்பா எழுந்துவிட்டார். “ஏய், அது எம்புள்ள கொரலு!”

“பெரியவரே, உக்காருங்க. நாடகம் நடக்குது,” என்றான் பாட்ஜ் குத்தியவன்.

“நாடகம் இல்ல தம்பி, இது நடந்தது. அந்தக் கை என் கைதான். எங்கடா நிக்கிற? வெளிய வாடா!”

நீ எழுந்தாய். திரையை விலக்கக் கையை நீட்டினாய். உன் தோளைப் பிடித்து அழுத்தி முக்காலியில் உட்கார வைத்தேன். “திரையை விடு” என்று விரிவுரையாளர் அவசரமாகக் கிசுகிசுத்தார். விட்டார்கள். நாயகன் சாகவே இல்லை. அவன் மனைவிக்காகத் தேய்த்து வைத்த வெள்ளைப் புடவை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குப் போனது.

நடுவராக வந்தவர், நாயகனின் மனக்குரலைத் திரைக்குப் பின்னாலிருந்து பேசவைத்தது புதிய உத்தி என்று பாராட்டினார். முதல் பரிசு கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன். அது உத்தி இல்லை, உள்ளே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை.

ரயிலடியில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான் எழுதுனதா தம்பி?”

“ஆமாங்க.”

“நல்லாத்தான் எழுதியிருக்க. மரத்துல மட்டும் ஓட்டை போடாத.” பிறகு உன் பக்கம் திரும்பினார். “நீ ஏண்டா ஒளிஞ்சுக்கினு பேசுன?”

நீ கண் சிமிட்டாமல் சொன்னாய்: “என் பார்ட்டே அதாம்ப்பா. நெஞ்சுக்குள்ள பேசுற பார்ட்டு. ஆளு வெளிய தெரியக்கூடாது.”

“அப்ப பெரிய பார்ட்டுதான்,” என்றார். சந்தோஷமாகவே ரயிலேறினார். என்னைக் காட்டிக்கொடுக்காமல், அவரையும் தலைகுனிய விடாமல், ஒரே வரியில் இரண்டு பேரைக் கரையேற்றினாய். அப்படி ஒரு வசனம் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

போன வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. இரங்கல் கூட்டத்தில் அடக்கமானவர் என்றார்கள். அடக்கியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், நானும் சேர்த்து.

ஓட்டை வரும் பக்கத்தைக் கடைசியில்தான் பிரித்தேன். அங்கே மட்டும் நீ மாற்று வசனம் எழுதவில்லை. “அப்பா வருது. அது எதிர்ல இத எப்படி எடுத்துக்கொடுப்பேன்?” என்று மட்டும் இருக்கிறது. எனக்குக் கேட்கும்படி நீ எழுதிய ஒரே கேள்வி. படிக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது எதை எழுதினாலும், கடைசி வரிசையில் அந்த ஐந்து பேரை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் சிரித்தால் கிழித்துவிடுகிறேன். நிறையக் கிழிந்திருக்கிறது.

விழாக் குழுவுக்கு எழுதினேன்: பென்சில் எழுத்தின்படி நாடகத்தைப் போடுங்கள், எழுதியவன் என்று உன் பெயரைப் போடுங்கள் என்று. வசனம் எடுத்துக்கொடுப்பவர் பெயரை அச்சிடும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. இன்று மத்தியானம் நேரில் போனேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. யாரிடமோ தேடிப் பிடித்த பழைய பிரதியே. யாரோ ஒரு புதுப் பையன், கரி பூசிக்கொண்டு, “ஓட்டை! ஓட்டை!” என்று அலறினான். கடைசி வரிசை காலியாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் போனேன். முக்காலி அங்கேயேதான் கிடக்கிறது. அன்று உன் அப்பா கேட்டதை என் கையால் தடுத்தேன். இன்று நான் கேட்கிறேன், தடுக்க எந்தக் கையும் இல்லை.

வெளிய வா, மச்சான்.